அடுப்புக்கு மேல் பலகை

1984 மார்கழியில் நெய்வேலியில் விழுந்த குளிர் மருதாசலத்தின் புட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மருதாசலம் நகரியத்தின் சுகாதாரப் பிரிவில் காண்ட்ராக்ட் ஊழியன். பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். வயது முப்பத்தாறு, தனிக்கட்டை. சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் தண்ணீர் ஓடும் வாய்க்கால்களில் கொசுப்புழு அள்ளி எண்ணுவது அவன் வேலை. ஆடி மாதம் புதுச்சேரி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இருதயசாமி என்ற விஞ்ஞானி ஒரு பாக்டீரியாவைக் கொண்டுவந்து அவன் பொறுப்பில் விட்டுப் போனார். மனிதரையும் மீனையும் அது ஒன்றும் செய்யாது. கொசுப்புழு தின்றால் மட்டும் குடல் உடைந்து செத்துப்போகும்.

அதை முப்பது டிகிரிச் சூட்டில் சத்துநீரில் வளர்க்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை பழைய புட்டியிலிருந்து சில சொட்டு எடுத்துப் புதிய புட்டிக்கு மாற்ற வேண்டும். வாரம் ஒருநாள் இருபத்தைந்து புழுக்கள் கிடக்கும் தட்டில் விட்டுப் பார்க்க வேண்டும். கார்த்திகை முடிய ஒரு தட்டில்கூட ஒரு புழு பிழைக்கவில்லை. தேதி, மணி, சூடு, செத்தவை, பிழைத்தவை என்று கோடு போட்ட அவன் பதிவேட்டில் ஓர் அடித்தல் கிடையாது.

மார்கழியில், புட்டிகள் இருந்த அலுவலகக் கொட்டகையில் சூடு பதினெட்டுக்கு இறங்கியது. பாக்டீரியா பெருகாமல் சத்துநீர் கலங்கவே இல்லை. புட்டிகளைத் துணிப்பையில் போட்டுக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோனான். அங்கே எல்லா வீட்டையும் போல அவன் வீட்டிலும் லெக்கோ கரி அடுப்புதான். பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த அந்தக் கட்டிகள் பற்றத்தான் நேரமாகும். பற்றிவிட்டால் பகல் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும். காலையில் ஒரே முறை சமைத்துவிட்டு, அடுப்புக்கு மேலிருந்த பலகையில் புட்டிகளை வைத்தான். கையால் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. வெப்பமானி கொட்டகையில் இருந்ததால் பதிவேட்டில் சூடு எழுதும் கட்டத்தில் ‘வீட்டில், இதம்’ என்று எழுதினான். இரண்டே நாளில் புட்டிகள் பால்போலக் கலங்கின.

“இன்னாப்பா, பொங்கலுக்கு ஊருக்குப் போவலியா?” என்று கேட்டார் சுகாதார ஆய்வாளர் தனகோட்டி. “பொண்ணு பாத்து வச்சிக்கினு இருப்பாங்களே.”

“மூணு நாளைக்கு ஒருக்கா புட்டி மாத்தோணுமுங்க.”

“புட்டிக்கு வாக்கப்பட்டவன் இந்த டவுன்ஷிப்லயே நீ ஒருத்தன்தான்யா.”

பொங்கலன்று அந்த வரிசையில் பூட்டாத வீடு அவனுடையது மட்டுந்தான். ஊரில் இருந்த அக்காவுக்கு ஒரு கார்டு எழுதினான். புட்டிகளைக் குலுக்கி வைத்தான். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பொங்கல் கழிந்து தட்டு வைத்தான். மறுநாள் காலை இருபத்தைந்து புழுக்களும் நீந்திக்கொண்டிருந்தன. மறுபடி வைத்தான். மறுபடியும் இருபத்தைந்து.

கண்ணாடித் தகட்டில் பூசி, சிவப்புச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தான். ஐப்பசியில் எடுத்து வைத்திருந்த தகடுகளில் ஒவ்வொரு பாக்டீரியாவுக்குள்ளும் சாயம் ஏறாத விதை ஒன்று, அதை ஒட்டிக் கருஞ்சிவப்பாய் மணி ஒன்று என்று இரண்டு இருந்தன. இப்போது விதை இருந்தது. எத்தனை தகடு மாற்றிப் பார்த்தும் மணியைக் காணவில்லை.

“வுடுய்யா,” என்றார் தனகோட்டி. “புழுவுக்குப் பழகிப்போச்சு, மருந்து கேக்கலன்னு எழுதி அனுப்பிடு. சோதனைய மூடிடுவாங்க, யாரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மார்ச்சுல பர்மனென்ட் லிஸ்ட் வருது. மொத பேரே உம்பேருதான். இந்த நேரத்துல தப்பு கிப்புன்னு எதையாவது கெளப்பிக்கினு நிக்காத.”

பதினோரு வருடமாக அவன் காத்திருந்த பட்டியல் அது. அன்று வெப்பமானியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பலகையில் வைத்தான். நாற்பத்து மூன்று காட்டியது.

அலுவலகக் குளிர்பெட்டியில் ஆடியில் இருதயசாமி கொடுத்த மூல பாக்டீரியாக் குழாய் பத்திரமாக இருந்தது. மரப்பெட்டிக்குள் பல்பு எரியவிட்டுச் சரியாக முப்பது டிகிரியில் அதிலிருந்து வளர்த்தான். சிவப்பு மணி வந்தது. மறுநாளே இருபத்தைந்து புழுக்களும் செத்துக் கிடந்தன. புழுக்கள் எதற்கும் பழகவில்லை. கெடுத்தது தன் அடுப்புப் பலகை.

இரண்டு நாள் பேனாவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பதிவேட்டில், ‘வீட்டில் அளக்காமல் வைத்தேன். பலகைச் சூடு 43. தவறு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மாசியில் இருதயசாமி வந்தார். இரண்டு வகைத் தகடுகளையும் வெகுநேரம் பார்த்தார்.

“கொல்றது பாக்டீரியா இல்ல மருதாசலம், அது செய்யற புரதம். அந்தச் செவப்பு மணிதான் அது. அதைச் செய்யற மரபணு தனியா ஒரு சின்ன டி.என்.ஏ. வளையத்துல இருக்கு. சூட்டுல பெருகிப் பெருகிப் பிரியறப்ப அந்த வளையம் விட்டுப்போயிடும்.”

“அதுனால அதுக்கு ஒண்ணும் நோவு வராதுங்களா?”

“ஒண்ணும் வராது. நல்லா திங்கும், நல்லா பெருகும். கொல்லாது, அவ்வளவுதான்.”

சோதனை மூடப்படவில்லை. ஆனால் சூடு சரியாக நிற்கும் இடம் வேண்டும் என்று எல்லாப் புட்டிகளும், மணி இல்லாதவையும்கூட, ஜீப்பில் புதுச்சேரிக்குப் போயின. மார்ச்சில் வந்த பட்டியலில் மருதாசலம் பெயர் இல்லை. தனகோட்டி அவன் முகத்தைப் பார்க்காமல், “சொன்னேனேய்யா” என்றார். அவன் பழையபடி வாய்க்காலில் புழு எண்ணப் போனான்.

சித்திரையில் இருதயசாமியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மணி போட்டதையும் போடாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த மரபணுவின் வேலையைக் காட்டுகிறார்களாம். மணி இல்லாத வகைக்கு அங்கே ‘நெய்வேலி அடுப்பு’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்களாம்.

மருதாசலம் அதை இரண்டு முறை படித்தான். படித்துக் காட்ட யாரும் இல்லை. கார்டை அடுப்புக்கு மேல் காலியாகக் கிடந்த பலகையில் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, அங்கே சூடு அதிகம் என்று நினைவு வந்து, எடுத்து ஜன்னல் ஓரமாக வைத்தான்.