மை நின்ற இடங்கள்

மெஷினுக்குள் மாட்டும் பித்தளை வளையம், புஷ் என்பார்கள், அதைச் செய்யும் அந்தச் சின்ன ஃபேக்டரி அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தது. எழுபதுகளின் ஆரம்பம். பிசிறு தேய்க்கும் வேலையில் இரண்டு வருஷம் இருந்தேன். செக்கிங் மேஜைக்கு ஆள் வேண்டும், பதினொன்றாவது முடித்திருக்க வேண்டும் என்றார்கள். முடித்திருக்கிறேன் என்று ஃபாரத்தில் போட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள். சர்ட்டிபிகேட்டை அப்புறம் கொண்டுவருகிறேன் என்றேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பெரிய பயம். மறந்தவர்களுக்கு எந்த நிமிஷமும் ஞாபகம் வரலாமே. வந்தால் மேஜை மட்டும் போகாது, வேலையே போய்விடும்.

மேஜையில் மூன்று பேர். சுவரோரம் என் இடம். நான் வெளியே போக வேண்டுமென்றால் மற்ற இரண்டு பெண்களும் எழுந்து வழிவிட வேண்டும். அதனால் தண்ணீர் குடிக்கக்கூட யோசிப்பேன்.

கழித்துப்போடும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. என்ன கோளாறு என்று அதில் இங்கிலீஷில் எழுத வேண்டும். யார் பார்த்தது என்று தெரிய ஆளுக்கு ஒரு மை. ஊதாவும் நீலமும் அந்த இரண்டு பேருடையவை. சிவப்பு சூப்பர்வைசருக்கு, பச்சை முதலாளிக்கு.

"உனக்கு ஆரஞ்சு. சார்ட்டுல ஏத்தி, சரக்கு எடுக்கறவங்களுக்கும் அனுப்பியாச்சு. மைய நீயே பார்த்து வாங்கிக்க," என்றார் சூப்பர்வைசர்.

ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஆரஞ்சு இரண்டு தினுசு இருந்தது. கடைக்காரர் ஒரு பில்லின் பின்பக்கத்தில் இரண்டையும் எழுதிக் காட்டினார். ஒன்று கம்பெனி பாட்டில். சீராகக் காய்ந்தது. ஆனால் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் சிவப்பு மாதிரியே தெரிந்தது. சூப்பர்வைசர் மையில் நான் எழுதுகிறேன் என்று யாராவது கிளப்பிவிட்டால்? இன்னொன்று கடைக்காரரே தூள் கரைத்து வைத்தது. பேனா ஓடும் இடத்தில் வெளிறிய மஞ்சள், வளையும் இடத்தில் பழுத்த ஆரஞ்சுத் தோல். ஒரே எழுத்துக்குள் இரண்டு நிறம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் மறுபடியும் மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"இன்னாமா, பொண்ணு பார்க்க வந்த மாரி எத்தினி தபா பார்ப்பே? பஜ்ஜி சொஜ்ஜி கொண்டாரட்டா?"

கரைத்ததையே வாங்கினேன். சிவப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அது போதும் என்றிருந்தது.

"கேசரிப் பவுடர கரைச்சு ஊத்திகினு வந்துக்கீறாடி," என்றாள் மறுநாள் மேஜையில் ஊதா மைக்காரி.

"நக்கிப் பாரு, இனிச்சா எனக்கும் ரெண்டு சொட்டு குடு," என்றாள் மற்றவள்.

நானும் சிரித்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் அந்த மையின் சங்கதி புரிந்தது. இங்கிலீஷ் வார்த்தைகளை மனப்பாடமாகத்தான் வைத்திருந்தேன். சின்ன வார்த்தை ஓடிவிடும். நீளமானது வந்தால் நடுவில் சந்தேகம் வரும், பேனா அப்படியே நிற்கும். நின்ற இடத்தில் மை தேங்கிக் கருஞ்சிவப்பாகக் காயும். தெரிந்த எழுத்தெல்லாம் வெளுத்து, தெரியாத எழுத்து மட்டும் அடர்ந்து நின்றது. நீலத்தில் நின்றால் யார் பார்க்கப்போகிறார்கள்? நிறத்தை மாற்றலாமென்றால் சார்ட் வெளியே போய்விட்டது. மற்ற பாட்டிலுக்குப் போகலாமென்றால் அது சிவப்பு. பேனாவைத் தூக்கிப் பிடித்து யோசித்தால் அட்டையில் சொட்டியது.

ஒருநாள் மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். சூப்பர்வைசர் நான்கு அட்டைகளோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். நான்கிலும் 'அண்டர்சைஸ்', அளவு குறைவு, என்று எழுதியிருந்தேன்.

"நாலுலயும் ஒரே எடத்துல செவந்துகினு கீது. அந்த 'ஆர்' வர்ற எடம். அங்க இன்னாமா, ரயில்வே கேட்டா?"

நான் பேனாவை மூடினேன்.

"எத்தினியாவது படிச்சே?"

"எட்டு சார்."

"ஃபாரத்துல?"

"பதினொண்ணு."

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அப்போ பதினொண்ணுதான். அதுல சரிபார்த்தேன்னு நான்தான் கையெழுத்துப் போட்டுக்கீறேன்."

காப்பாற்றிவிட்டார் என்று மனசு ஆறவில்லை. அதுவரை மாட்டினால் நான் ஒருத்தி. இனி அவரும் போவார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

அவர் இருக்கும்போதே அடுத்த பெட்டி வந்தது. அளந்தேன். அதுவும் அளவு குறைவு. நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் எழுதினேன். முதல் எழுத்திலிருந்து கடைசி வரை வெளிறிய ஒரே ஆரஞ்சு. எங்கேயும் சிவக்கவில்லை.

அவர் அட்டையை வாங்கிப் படித்தார். 'ஆர்' இல்லை. நானும் அப்போதுதான் பார்த்தேன். அவர் சணலை எடுத்து, அட்டையைத் தன் கையாலேயே பெட்டியில் கட்டினார்.