படத்தில் இருப்பவள்

முகப்பருவோடே படம் எடுத்தால் என்ன என்ற யோசனை, பெருங்குடியில் வரவேற்பாளர் வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தது. விண்ணப்பத்தில் இருந்த படத்தையும் என் மூக்கு நுனியையும் மாறி மாறிப் பார்த்த மேனேஜர், "இது நீங்கதானா?" என்றார். வேலை கிடைக்கவில்லை.

மாதம் தவறாமல் அதே இடத்தில் முளைக்கும் பரு அது. படத்தில் அதை அழித்தவர் ராயப்பேட்டை ஸ்டூடியோக்காரர். மருதாணித் தாடி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. யார் முகமானாலும் கேட்காமலே துடைத்துவிடுவார்.

மறுநாளே போய் நின்றேன்.

"பாய், இந்தத் தடவை பருவ அப்படியே வுட்டுடுங்க."

"இன்னாம்மா பேசுற? பருவோட படம் குடுத்தா என் கடை மானம் இன்னாவறது?"

"உங்க மானத்துல என் வேலை போச்சு. கன்னத்து மச்சத்தையும் சேத்து அழிச்சிருக்கீங்க. சர்டிபிகேட்ல அதுதான் என் அடையாளம்."

"மச்சந்தான? வச்சிட்டா போச்சு."

மவுஸைத் தட்டினார். மச்சம் மறு கன்னத்தில் போய் உட்கார்ந்தது.

"சூப்பரா கீது பாரு" என்றார், நிஜமான பெருமையோடு.

அந்தப் பெருமைதான் இன்னும் உறுத்துகிறது. அவருக்கும் சரி, மேனேஜருக்கும் சரி, பிடித்தது படத்தில் இருப்பவளைத்தான்.

அடுத்த வேலைக்கு, என் போனில் நானே எடுத்த படத்தைப் பருவோடு அனுப்பப் போகிறேன். பிடிக்காதவர்கள் அங்கிருந்தே வேண்டாமென்று சொல்லட்டும். பெருங்குடிக்குப் போய்வந்தது போன்ற அலைச்சலாவது மிச்சம்.