மஞ்சள் பூசிய ரெட்ஃபிஷ்

என் வீட்டுக்காரர் திருமூர்த்தி பதினொரு வருடமாகச் சனிக்கிழமைதோறும், அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் கேட்டியிலிருந்து கால்வெஸ்டன் கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போகிறவர். விடியும் முன்னே கிளம்பி, ஒன்றரை மணி நேரம் காரோட்டி, கடலுக்குள் நீளும் மரப்பாலத்தில் நின்று, சாயங்காலம் வெயிலில் கருகி வெறுங்கையோடு திரும்புவார். வரும் வழியில் சீனக் கடையில் மீன் வாங்கி வருவார். அதைத் தான் பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளக்கூட அவருக்குத் தெரியாது. கடை ரசீது பையிலேயே கிடக்கும். அப்படியொரு மனிதர்.

சொந்த ஊர் தாராபுரம். பைப்லைன் கம்பெனியில் இன்ஜினியர். வாயைத் திறந்து எதையும் கேட்க மாட்டார். எங்கள் வரவேற்பறைச் சுவரில் மகள் யாமினியின் அரங்கேற்றப் படம், பட்டமளிப்புப் படம், என் தம்பியின் கல்யாணப் படம், கோயில் காலண்டர் எல்லாம் உண்டு. அவருக்கென்று ஒரு ஆணிகூடக் கிடையாது. இத்தனை வருடத்தில் அது எனக்கு உறைக்கவில்லை; சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கராஜில் கார் வந்து நின்ற பிறகும் மனிதர் உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தால் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். ஐஸ்பெட்டியில் அடங்காமல் வால் வெளியே நீட்டிக்கொண்டு, செம்புக் குடத்தின் நிறத்தில் ஒரு ரெட்ஃபிஷ். நாற்பத்திரண்டு அங்குலமாம்.

"வசந்தா, இது குழம்பு வெக்கறதுக்கு இல்ல. உசுரோட இருக்கறாப்புல பாடம் பண்ற ஸ்டூடியோல குடுத்து, மவுன்ட் பண்ணி மாட்டோணும். டிவிக்கு மேல ஒரு எடம் எனக்குக் குடு, போதும்."

அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்ட முதல் ஆசை அது. "டிவிக்கு மேல என்னங்க, வாசல்லயே மாட்டுங்க!" என்றேன்.

ஈரத் துண்டில் சுற்றி கராஜ் ஃப்ரீசரில் வைத்தார். "வெட்டிறாத. முழுசா இருக்கோணும்" என்று நாலு தடவை சொல்லிவிட்டு, ஞாயிறு காலையில் ஆபீஸ் வேலையாக மிட்லண்டுக்கு ஃப்ளைட் ஏறினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் குடலோடு ஒரு மீன் ஃப்ரீசரில் கிடந்தால் என் கை நிற்குமா? திறந்து பார்த்தேன், இன்னும் கல்லாக உறையவில்லை. ஐயோ பாவம், இவ்வளவு ஆசையாகப் பிடித்து வந்ததை நாற விட்டுவிடுவாரே என்று செதிலைச் சுரண்டி, குடலை எடுத்து, கல்லுப்பும் மஞ்சள் தூளும் உள்ளும் புறமும் தேய்த்து, புதுத் துண்டில் சுற்றி வைத்தேன். வெட்டவேயில்லை. வயிற்றில் போட்டது ஒரு கீறல். அதைப் போய் வெட்டு என்று யாராவது சொல்வார்களா?

வெள்ளிக்கிழமை அவர் திரும்பி வந்ததும் ஸ்டூடியோவுக்கு நானும் கூடப் போனேன். சுவர் முழுக்கக் கொம்புள்ள மான் தலைகள். எல்லாம் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. கடைக்காரர் ராண்டி, நல்ல தாடிக்காரர், மேஜையில் வைத்துத் துண்டைப் பிரித்தார். செதிலே இல்லாமல், நலங்கு வைத்த மாப்பிள்ளையாட்டம் மஞ்சள் மஞ்சளாய்ப் படுத்திருந்தது மீன்.

"சார், இதை யாரோ சமைக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறார்கள்" என்றார் ராண்டி ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாக. தோலையும் செதிலையும் வைத்துத்தான் பாடம் செய்வார்களாம். செதில் போனால் எல்லாம் போச்சாம்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். "உடு வசந்தா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார். பதினொரு வருடத்துக்கு ஒரு மீன். அடுத்தது வரும்போது மனிதருக்கு அறுபத்தைந்து ஆகியிருக்கும்.

ராண்டிக்கே மனசு கேட்கவில்லை போலும். ஃபைபர் கிளாஸில் அச்சு அசலாகச் செய்து தரலாம், ஃபோட்டோவும் நீளமும் சுற்றளவும் வேண்டும் என்றார். ஃபோட்டோ என் வீட்டுக்காரர் போனில் இருந்தது. நீளம் தெரியும். சுற்றளவை யார் எடுத்தார்கள்? குடல் இல்லாத வயிறு ஒட்டிக் கிடந்தது. அதை அளந்து செய்தால் பட்டினி கிடந்த மீன்தான் சுவரில் தொங்கும்.

"ஃபோட்டோவக் குடுங்க" என்று வாங்கினேன். மரப்பாலத்தில் நின்று, மீனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். முகத்தில் அப்படியொரு சிரிப்பு. போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. நான் தைத்த சட்டை. கேட்டியில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறவள் நான். கைப்பையில் டேப் இல்லாமல் வெளியே இறங்க மாட்டேன். அந்தச் சட்டையில் பொத்தானுக்குப் பொத்தான் மூன்றேகால் அங்குலம். நடுவில் இரண்டு பொத்தானை மீன் மறைத்திருந்தது. மேலும் கீழும் தெரிந்த பொத்தான்களை வைத்து மீனின் உயரம் கிடைத்தது. முதுகுத் தடிமனை மேஜையிலேயே அளந்து, இரண்டையும் வைத்துச் சுற்றளவைக் கணக்குப் போட்டேன்.

"இருபத்தஞ்சு இன்ச்சுங்க" என்றேன்.

ராண்டி தன் அட்டவணையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இந்த நீளத்துக்கு அதுதான் வர வேண்டும். உங்களுக்கு இங்கே வேலை வேண்டுமா?" என்றார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு அப்போதுதான் சிரித்தார்.

மஞ்சள் மீனைக் குழம்பு வைத்தேன். கடித்தால் ரப்பர். விஷயம் கேள்விப்பட்டு யாமினி டாலஸிலிருந்து கூப்பிட்டு, "அம்மா! யூ மேரினேட்டட் அப்பாஸ் ட்ராஃபி? அதுக்குப் போய் மசாலா தடவினியா?" என்று அரை மணி நேரம் சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து மீன் வந்தது. அதே செம்பு நிறம், வாலோரம் அதே கறுப்புப் புள்ளி, வயிறும் திம்மென்று இருந்தது. அவரே ஆணி அடித்து டிவிக்கு மேலே மாட்டினார். கீழே ஒரு பித்தளைத் தகடு. ஊரும் தேதியும் ஆங்கிலத்தில் இருக்கும் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனேன். தமிழ். இவர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்து ராண்டி கோணல் மாணலாகச் செதுக்கியிருக்கிறார்.

"பிடித்தவர்: திருமூர்த்தி. மஞ்சள் பூசியவர்: வசந்தாமணி."

"ஏனுங்க, இதுல எதுக்கு என்ற பேரு?"

"இருக்கட்டும்" என்றார்.

இந்த வீட்டில் அவர் கேட்டது ஒரே ஒரு இடம். அதிலும் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் சுத்தியலை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டார். நான் மீனுக்குக் கீழே நின்று அழுதேன்.