பத்தரைக்குள் ஓட வேண்டிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரை முதலில் அடித்தவன் நான்தான். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. எதிரி கதவுக்குப் பின்னால் நிற்கிறான், நான் குறி வைத்துவிட்டேன், சுடப்போகிற நேரத்தில் திரை உறைந்துவிட்டது. மறுபடி அசைந்தபோது நான் தரையில் செத்துக் கிடந்தேன். கையை ஓங்கி கேபினெட்டின் தலையில் ஒரு போடு போட்டேன். தகரம் குழிந்துபோனது. கை இரண்டு நாள் வீங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் மட்டும் தீரவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது, தம்பிக்கு இருபத்துநான்கு. ஆரியசாலையில் அப்பாவுக்குப் பருப்பு மொத்தக் கடை, கடைக்கு மேலேயே வீடு. நான் கடையில் பில் போடுவேன். தம்பி கல்யாண வீடியோ எடுப்பவர்களோடு போய்க் கேமரா பிடிப்பான். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து எடிட் செய்வான். எட்டு வருஷம் பழைய அந்த ஒரே கம்ப்யூட்டர்தான் இருவருக்கும். பகலில் அவனுக்கு, கடை அடைத்த பிறகு எனக்கு. அவன் வேலையிலும் அது பாதியில் நின்றுபோகும். அவன் அதை அடிக்கமாட்டான். எழுந்து பால்கனியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவான்.

அடிக்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் வாய்ச்சண்டை முற்றுவதற்குள் கை முந்திவிடும். அப்பா ஒருமுறை சுமை இறக்குபவர் மேல் எடைக்கல்லை எறிந்து, அது குறி தவறி எங்கள் கடை அலமாரியையே உடைத்திருக்கிறார். என் இடது புருவத்தில் இருக்கும் இரண்டு தையல் தம்பி போட்டது. அவன் முன்பல்லில் இருக்கும் சில்லு நான் பெயர்த்தது. நான் ஒன்று கொடுத்தால் அவன் ஒன்று திருப்பிக் கொடுப்பான், அத்தோடு சரி, ஒரே தட்டில் தோசை தின்போம்.

அந்த வருஷம் கொச்சியில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் எடிட்டர் வேலைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். இதுவரை செய்ததில் நல்லதையெல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷ வீடியோவாகத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்கள். அவன் அடுக்கி முடித்துவிட்டான். ஆனால் அதைக் கடைசி வடிவத்தில் வெளியே எடுக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் நின்றுபோனது. சரி, இருவரும் பணம் போட்டு இதற்கு உயிர் கொடுப்போம் என்று முடிவானது.

என்ன வாங்குவது என்பதில்தான் சண்டை வந்தது. புது புராசஸர் போட்டால் பழைய போர்டு ஏற்காது. போர்டை மாற்றினால் ரேமையும் மாற்ற வேண்டும். அதெல்லாம் எங்கள் கைக்கு எட்டாது. ஆகவே இருப்பதை வைத்துக்கொண்டு ஒட்டுப்போட வேண்டியதுதான். நான் கரமனையில் ஒரு கடையில் யாரோ உபயோகித்துவிட்டுக் கொடுத்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் அதற்குத் தீனி போட எங்கள் பழைய பவர் சப்ளைக்குத் தெம்பு இல்லை, அதுவும் புதிதாக வேண்டும். இவை இரண்டோடு ஒரு ரேம் வாங்கினால் கை காலி.

"அண்ணா, முதல்ல ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி எல்லாத்தையும் காப்பி எடுத்து வச்சிரலாம். பின்ன மத்ததைத் தொடலாம்" என்றான் தம்பி. "ரெண்டு வருஷத்து வேலையாக்கும் அதுல கிடக்கது."

"இருக்கிற டிஸ்க் நல்லாத்தானே ஓடுது? கார்டு இருந்தாத்தான் உன் வீடியோவும் வேகமா வெளிய வரும், கேட்டியா."

"அதே அதே. நீ கேம் களிக்கத்தானே கார்டு?"

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடிக்காது. அவன் தோளில் குத்தினேன். அவன் என் முழங்காலில் உதைத்தான். காப்பி டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. அம்மா உள்ளேயிருந்து வந்து எங்களைப் பார்க்காமல் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். கடைசியில் கார்டுதான் ஜெயித்தது. நியாயம் என் பக்கம் இருந்ததால் அல்ல, அவனைவிட நான் பதினைந்து கிலோ கூட என்பதால்.

வியாழன் சாயங்காலம் அந்தக் கரமனைக் கடையிலிருந்து சாமான்கள் வந்தன. அங்கேதான் அப்பா நுழைந்தார். எங்கள் கடைக்கும் வீட்டுக்கும் புதிதாக எது வந்தாலும் நல்ல நேரத்தில் ஓடியாக வேண்டும். எலக்ட்ரானிக் தராசானாலும் சரி, டேபிள் ஃபேனானாலும் சரி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அவர் கண் முன்னால் ஓட வேண்டும். காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்குப் பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள போட்டுரணும். பின்ன கடையில சரக்கு இறங்கும், நான் மேல வர முடியாது. சனிக்கிழமை இரும்பு ஆகாது. ஞாயித்துக்கிழமை அஷ்டமி." திங்கட்கிழமை தம்பி கொச்சியில் இருக்க வேண்டும். வேறு வழியில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். துருப்பிடித்த திருகாணி ஒன்று அரைமணி நேரத்தைத் தின்றது. கார்டு நீளம் அதிகம், உள்ளே போக மறுத்தது. அழுத்தினேன், திட்டினேன், என் விரலைக் கிழித்துக்கொண்டு ஒருவழியாக உட்கார்ந்தது. கீழே கடையிலிருந்து அப்பா மாடிப்படியில் தலையை நீட்டிக் கத்திக்கொண்டே இருந்தார்: "ஏல, பத்து பத்து!" "ஏல, பத்தே கால்!"

பவர் சப்ளையிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் வயரைத் தனியாகக் கழற்றலாம். பழையதிலும் அப்படி, புதியதிலும் அப்படி. பழைய வயர் போர்டுக்குப் பின்னால் நாடா போட்டு இறுகக் கட்டிக் கிடந்தது. அதை உருவ நேரமில்லை. அதன் முனையைப் புதிய பவர் சப்ளையில் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக நுழைந்தது.

"அண்ணா, அது பழசோட வயராக்கும். புதுசு பெட்டிக்குள்ள கிடக்கு. மாத்து."

"நுழையுதுல்லா? நுழைஞ்சா போதும்."

"கம்பெனி வேற வேற. கலக்கக் கூடாதுன்னு இந்தா போட்டிருக்கு, பாரு." அட்டைப்பெட்டியில் இருந்த புத்தகத்தை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

நான் அடித்தேன். கையில் ஸ்குரூடிரைவர் இருந்தது நினைவில்லை. பிடிப்பக்கம் அவன் உதட்டில் இறங்கியது. ரத்தம் அந்தப் புத்தகத்தின் மேல் சொட்டியது. அவனும் கையை ஓங்கிவிட்டான். "ஏல, பத்து இருபது!" என்று கீழிருந்து குரல் வந்ததும் கையை இறக்கிக்கொண்டு வாய் கழுவப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் நான் கேபினெட்டை மூடிவிட்டேன். அப்பாவும் தட்டோடு வாசலில் நின்றார். தம்பியின் உதட்டைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அது ஒரு விசேஷமில்லை.

குழிந்த தகரத்தில் சந்தனம் வைத்தார். எலுமிச்சம்பழத்தை முன்னால் உருட்டினார். கற்பூரம் எரிந்தது. "போடுல" என்றார். போட்டேன். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு நாற்றம், கற்பூர வாசனையைத் தாண்டி, பிளாஸ்டிக் கருகும் நாற்றம்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்!" என்று நான்தான் முதலில் கத்தினேன். அது போதுமாயிருந்தது அப்பாவுக்கு. வேட்டியை மடித்துக் கட்டினார். கேபினெட்டை ஆட்டோவில் தூக்கிப் போட்டு மூவரும் கரமனைக்குப் போனோம். கடைக்குள் நுழைந்ததும் பேச்சே இல்லை, அப்பா கடைக்காரரின் சட்டைக் காலரைத்தான் பிடித்தார்.

"கை எடுக்கு சேட்டா, ஆத்யம் நோக்கட்டே" என்றார் கடைக்காரர், கையை எடுங்கள், முதலில் பார்க்கிறேன் என்று. நல்ல மனிதர். காலரை விடுவித்துக்கொண்டு, திருகாணிகளைக் கழற்றி, போர்டுக்குப் பின்னால் கைவிட்டுப் பழைய வயரைப் பிடித்து இழுத்தார். இரண்டு கம்பெனி வயர்களில் முனை ஒன்றுபோலிருந்தாலும் கம்பிகளின் வரிசை வேறு, தவறான கரண்ட் பாய்ந்து ஹார்டு டிஸ்க் எரிந்துவிட்டது என்று அப்பாவுக்கு விளங்கும்படி சொன்னார். பிறகு இந்த வயரைச் செருகியது யார் என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்: "இது ஆரா குத்தியது?"

அப்பா திரும்பினார். அவர் கை ஏற்கனவே சூடாக இருந்தது, அதற்கு ஒரு கன்னம் வேண்டியிருந்தது. கூட்டம் கூடிவிட்ட அந்தக் கடையில் இருபத்தாறு வயதில் அடி வாங்க எனக்குப் பயம். அதுதான் உண்மை, வேறு நியாயம் ஒன்றும் இல்லை.

"தம்பிதான்பா" என்றேன். "நான் வேண்டாம்னு சொன்னேன்."

அறை விழுந்தது. காலையில் கிழிந்த உதடு மறுபடி கிழிந்து, கண்ணாடி மேஜையில் ரத்தம் தெறித்தது. தம்பி உதட்டைத் துடைத்துக்கொண்டான். என்னைப் பார்த்தான். நான் அலமாரியில் அடுக்கியிருந்த கார்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிஸ்க்கை வேறு மெஷினில் போட்டுப் பார்த்தார்கள். அது சுற்றவே இல்லை. உள்ளே இருப்பதை எடுக்க முயலலாம், வாரக்கணக்கில் ஆகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். திங்கட்கிழமை காலை அவன் ஸ்டுடியோவுக்குப் போன் செய்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். "சாரமில்ல சார், சாரமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷ வேலையைத் தொலைத்தவன், வேறு ஆளை எடுத்துக்கொண்டவர்களிடம், பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நிமிஷம் என்னை நானே வெறுத்தேன். ஆனால் எழுந்து கீழே போய் அப்பாவிடம் சொல்லவில்லை.

அவன் என்னை அடிப்பான் என்று காத்திருந்தேன். வேண்டுமென்றே அவனுக்கு முதுகைக் காட்டி நின்றேன். சும்மா வம்புக்கு இழுத்தேன். அவன் என்னை ஒதுங்கிக் கடந்து போனான். இரண்டு மாதத்தில் எறணாகுளத்தில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய்விட்டான். இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

டிஸ்க் மட்டும்தான் எரிந்தது. போர்டும் கார்டும் பிழைத்துவிட்டன. புது டிஸ்க் ஒன்றை, அவன் முதலில் கேட்டது அதைத்தான், நான் வாங்கிப் போட்டேன். அந்த மாதமே விளையாடினேன். திரை ஒருமுறைகூட உறையவில்லை. எத்தனையோ பேரைச் சுட்டேன்.

போன ஓணத்துக்குத் தம்பி வந்திருந்தான். சட்னி அரைக்கும்போது அம்மாவின் மிக்ஸி நின்றுவிட்டது. அவன் பக்கத்தில் இருந்ததால் அதைக் கவிழ்த்துப் பார்த்தான். நாற்காலியிலிருந்து அப்பா சத்தம் போட்டார்: "ஏல, நீ அதைத் தொடாத. ஒண்ணை எரிச்சது போதும். அண்ணன் பாக்கட்டும்."

அவன் மிக்ஸியை என் பக்கம் தள்ளினான். நான் வாங்கிப் பார்த்தேன்.