கடைசிப் பந்தயத்தில் சாகுஜி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். குத்தகை நிலத்தில் பயறு விதைத்து முன்னுக்கு வந்தவன். இன்று எங்கள் ஒபிஹிரோ நகரில் பந்தயக் குதிரை என்று யாராவது கேட்டால் என் லாயத்துக்குத்தான் வழி காட்டுவார்கள். ஜாக்கி தொகிதா சாகுஜிக்கு முதல் குதிரையைக் கொடுத்தவனும் நான்தான்.

எங்கள் பந்தயத்தில் குதிரை ஓடாது, இழுக்கும். பாரம் ஏற்றிய சறுக்குவண்டியில் ஜாக்கி நின்று ஓட்டுவான். இருநூறு மீட்டர் மணல், நடுவில் இரண்டு மேடுகள். வண்டியின் பின்முனை எல்லைக் கோட்டைத் தாண்டினால்தான் வெற்றி.

காட்டில் மரம் இழுத்துக்கொண்டிருந்த சாகுஜி பதினெட்டு வயதில் என்னிடம் வந்தான். முதல் பந்தயத்திலேயே இரண்டாம் மேட்டின் அடியில் குதிரையை நிறுத்திவிட்டான். வேலி ஓரமாகக் கூடவே நடந்துவந்த நான் கத்தினேன்.

“டேய், டீ குடிக்கவா நிறுத்தினே?”

“குதிரைக்கு மூச்சு வாங்குது அண்ணே. உங்களுக்கும்தான் வாங்குது. கொஞ்சம் நில்லுங்க.”

அன்று ஜெயித்தான். அதன் பிறகு நாற்பத்தோரு வருடம், இரண்டாயிரத்துக்கும் மேல் வெற்றிகள். மேட்டடியில் எத்தனை மூச்சு நிற்க வேண்டும் என்பது கடிவாளக் கயிறு வழியாகவே அவன் கைக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஒரு டன் பாரம் இழுக்கும் மார்ச் மாதப் பெரிய பந்தயம் மட்டும் அவனுக்குக் கிடைக்கவே இல்லை. நான்கு முறை இரண்டாவதாக வந்தான். முழங்கால் போய்விட்டது, இந்த மார்ச்சோடு சரி என்று சொன்னபோது, என் யுகிகுராவைக் கொடுத்தேன். தாய் இல்லாமல் நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குதிரை.

பந்தயத்தன்று காலையில் அவன் சொன்னான்: “அண்ணே, ஒரே ஒரு உதவி. இன்னிக்கு மட்டும் வாயத் திறக்காதீங்க.”

“என் வாயாலதான்டா நீ இத்தன வருஷம் ஜெயிச்சே!” என்று சிரித்தேன்.

இரண்டாம் மேட்டடியில் நிறுத்தினான். பக்கத்துக் குதிரை ஏறத் தொடங்கியது. சாகுஜி அசையவில்லை. என் அருகில் பன்றிக்கறிச் சோறு தின்றுகொண்டிருந்த பெண், “கிழவன் தூங்கிட்டானா?” என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “யுகிகுரா, வாடா!”

குதிரையின் காது என் பக்கம் திரும்பியது. சாகுஜி கயிற்றை இழுத்துப் பிடிப்பதற்குள் மேட்டில் பாய்ந்துவிட்டது. ஒரே மூச்சில் ஏறி எல்லோரையும் முந்தியது. மூக்கு கோட்டைத் தாண்டியதும் நான் தொப்பியை வீசி அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். சோறெல்லாம் என் மேலங்கியில் கொட்டியது.

“விடுய்யா! வண்டி இன்னும் வரல, பாரு!”

குதிரை நின்றுவிட்டிருந்தது. வண்டியின் பின்முனை கோட்டுக்கு ஒரு முழம் இப்பால் இருந்தது. குதிரையின் கால்கள் நடுங்கின. சாகுஜி அதை விரட்டக் கயிற்றை ஒருமுறைகூட உதறவில்லை. பக்கத்துக் குதிரை மெதுவாக வந்து கடந்துபோனது.

பத்திரிகைக்காரர்கள் சாகுஜியைச் சூழ்ந்துகொண்டார்கள். “ஒரு மூச்சு முன்னாடியே கிளப்பிட்டேன். என் கணக்குதான் தப்பு” என்றான்.

லாயத்தில் அவனைப் பிடித்துக்கொண்டேன். “ஏன்டா பொய் சொன்னே?”

“உங்க குரலுக்குப் போச்சுன்னு சொன்னா, குதிரைக்கு அடக்கம் பத்தாதுன்னு எழுதுவாங்க. வளத்தவர் கூப்பிட்டா அது வராதா?” கழுத்து வாரை அவிழ்த்தபடியே சொன்னான். “அடுத்த வருஷம் இத வேற எவனாவது ஓட்டுவான். வாய் நிறைய சோத்த அடச்சுக்கிட்டு வாங்க.”

கடைசிப் பந்தயத்தில் தொகிதா கணக்குத் தவறினார் என்றுதான் பத்திரிகையில் வந்தது. இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். அவன் தவறவில்லை. கூப்பிட்டவன் நான்.