தூங்குகிற ஈஸ்ட்

ஈஸ்ட் பொட்டலத்தில் அச்சடித்த தேதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் வெண்டெலின் அதைக் கத்தரிப்பார். நான் விரலை விலக்கிப் பார்த்தேன். காலாவதியாகி நாலு வருடம் ஆகியிருந்தது.

"இது செத்துப்போச்சுப்பா."

"சாகல ஸ்டாஸா, தூங்குது. தேதி போட்டவன் ஈஸ்டைக் கேட்டுட்டா போட்டான்?"

எதிர் வீட்டுக்காரர். இருபது வருடமாக வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார். ஓலோமோட்ஸ் நகரில் யார் காய்ச்சுவதை விட்டாலும் மிச்சச் சாமான் இவரிடம்தான் வந்து சேரும். கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ பழுப்பேறி, கழற்றிப் போட்ட காலுறை போல நாறும். முளைகட்டிய பார்லியைக் கடித்தால் நொறுங்க வேண்டும். இவருடையது நமுத்துப்போய்ப் பல்லில் ஒட்டும். கேட்டால், "வயசானா ருசி கூடும்" என்பார். மனிதர்களுக்கே பொருந்தாத பேச்சு.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆளோ லிஃப்ட் சோதனை அதிகாரி! கம்பிவடத்தை மாற்றக் குறித்த தேதி ஒரே ஒரு நாள் தாண்டிவிட்டதென்று எங்கள் கட்டட லிஃப்டையே பூட்டி சீல் வைத்தவர். மூட்டுவலியோடு ஒன்பது நாள் ஏழு மாடி ஏறினேன். அவரும்தான் ஏறினார், அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சட்டமெல்லாம் இங்கே எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"லிஃப்ட் விழுந்தா ஆள் சாவான். பீர் கெட்டா யாரு சாவா?"

என் மானம் சாகும். என் மகள் யோலானாவின் கல்யாணத்துக்கு முப்பது லிட்டர் தருகிறேன் என்று வலிய வந்து வாக்குக் கொடுத்தவர் இவர். சம்பந்தி வீட்டார் பீருக்குப் பேர்போன பில்சன் ஊர்க்காரர்கள்; பீரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மனிதரையே மதிப்பார்கள். கல்யாணத்துக்கு மூன்றே வாரம் இருந்தது.

"ஒரு சிட்டிகையை வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணியில போட்டு, நுரைக்குதான்னாவது பாரேன்."

"என் ஈஸ்டுக்கே பரீட்சையா?" முகம் சிவக்க, முழுப் பொட்டலத்தையும், காய்ச்சி ஆறவைத்த பார்லிச் சாறு இருந்த வாளியில் கொட்டி மூடினார்.

மூடியில் செருகிய வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். ஈஸ்ட் வேலை செய்தால் அதன் வழியே காற்று குமிழிவிட்டு வெளியேறும். மறுநாள் போய்ப் பார்த்தேன், அசைவில்லை. அடுத்த நாளும் இல்லை. "நீ கதவை அடிச்சுச் சாத்துற, அது பயந்துபோச்சு" என்று பழியை என் தலையில் கட்டினார். என்ன நெஞ்சழுத்தம்!

நாலாம் நாள் புது ஈஸ்ட் வாங்கிப்போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னிக்கே போடு. இதுக்கு மேல விட்டா புளிச்சுப்போகும். இது என் பொண்ணு கல்யாணம், உன் வீம்புக்கு நான்தான் கிடைச்சேனா?"

அவர் அதைத் தொடவில்லை. "காலையிலேருந்து குமிழி விடுது. வந்து பாரு" என்று குளியலறைக்குக் கூட்டிப்போய், ஸ்டூல்மேல் இருந்த வாளியில் சாய்ந்து நின்றார். குழாயில் ஒரு குமிழி வந்தது.

"பாத்தியா? முழிச்சுக்கிச்சு!"

இன்னொன்று வந்தது. ஒரு கணம் என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பிறகுதான் குனிந்து பார்த்தேன். பிளாஸ்டிக் மூடி நடுவில் பள்ளமாய் அமுங்கியிருந்தது. அதன்மேல் அவருடைய முழங்கை.

"கையை எடு வெண்டெலின்."

அவர் எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.