வீடு வீடாகப் போகும் நாற்காலி

நான்கு வருடங்களுக்கு முன், பங்குனி வெயில் தொடங்கிய நேரம். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் குளியலறையில் என் மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வேடசந்தூர் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் யாரிடமும் கைநீட்டிப் பழக்கமில்லாதவர். அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, குத்தவைத்து உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். நடுவில் ஓட்டை வைத்த இரும்பு நாற்காலி ஒன்றை வாங்கிவந்து கட்டிலருகே போட்டோம்.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாரவன் போறவன் பாக்க நடுவீட்டுல இதுலயா உக்காரச் சொல்ற? வேணாம்த்தா. எடுத்துரு."

அதன்பிறகு நான் காலையில் நிரப்பி வைக்கும் சொம்பு மாலையிலும் அப்படியே இருந்தது. சாப்பாடும் குறைந்தது. வெயில் மந்தம் என்று நினைத்தேன். உதடு வெடித்து, காய்ச்சல் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எழுந்து போகவேண்டி வருமே என்று அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். இப்படியே போனால் சிறுநீரகம் தாங்காது என்றார் டாக்டர்.

பரணில் மாமாவின் பழைய தேக்கு நாற்காலி கிடந்தது. பிரம்புப் பின்னல் அறுந்துபோன, கைவைத்த நாற்காலி. அதை இறக்கி ஆசாரியிடம் கொடுத்து, பிரம்பு இருந்த இடத்தில் வட்டமாக வெட்டிய பலகையும் அடியில் வாளி நிற்கச் சட்டமும் வைத்து வாங்கினேன். மீதி வேலை என்னுடையது. உப்புத்தாளால் பழைய வார்னிஷைத் தேய்த்தெடுத்து, கீறல்களில் பட்டி வைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, கரும்பச்சை எனாமல் அடித்தேன். ஒரு பூச்சு முழுதாகக் காயாமல் அடுத்த பூச்சுக்குப் போகவில்லை. தினமும் கழுவவேண்டிய நாற்காலி, பெயின்ட் உரிந்துவரக் கூடாது. ஓட்டையை மூட ஒரு மெத்தை தைத்து, அதற்குச் சின்னாளபட்டி சுங்குடித் துணியில் உறை போட்டேன். அதே துணியில், வாளி தெரியாதபடி சுற்றிலும் கொசுவம் வைத்துத் திரையும் கட்டினேன்.

"இது நம்ம நாற்காலில்ல?" என்று மாமா கைப்பிடியைத் தடவினார்.

"உங்களுதுதான் மாமா. மெத்தைய எடுத்தாத்தான் அது. இல்லன்னா வெறும் நாற்காலிதான்."



அன்று மாலையே குஜிலியம்பாறையிலிருந்து அவருடைய மைத்துனர் பார்க்க வந்தார். வந்தவர் நேராக அதில் போய் உட்கார்ந்தார். எனக்குத் திக்கென்றது.

"என்ன மச்சான், படுத்துக் கெடக்குறவருக்கு இம்புட்டு சோக்கு நாற்காலியா? மெத்துன்னு இருக்கே!"

"செத்த நேரம் நல்லா உக்காரு மாப்ள. ஒனக்கும் ஒண்ணு செய்யச் சொல்றேன். மொதல்ல இடுப்ப ஒடிச்சுக்கிட்டு வா."

விழுந்ததிலிருந்து மாமா சிரித்து அன்றுதான் பார்த்தேன். விஷயம் தெரியாமல் மைத்துனரும் சேர்ந்து சிரித்தார். அவர் கிளம்பியதும் மாமா சொம்பைக் கேட்டு வாங்கி, அண்ணாந்து முழுவதையும் குடித்தார்.

அடுத்த வருடம் மாமா காலமானார். காரியம் முடிந்ததும், அவர் படுத்த பாய், தலையணையோடு நாற்காலியையும் வெளியேற்றச் சொன்னார்கள் உறவினர்கள். துக்க வீட்டுப் பொருள், அதிலும் இது. மெத்தையையும் துணியையும் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே வைத்தோம். வட்ட ஓட்டை எல்லோருக்கும் தெரியும்படி நின்றது.

முன்பின் பார்த்திராத ஒரு பெண், முக்காடு போட்டவர், அதன் முன் நின்றுவிட்டார்.

"அக்கா, இத வீசப் போறீங்களா?"

"இறந்தவர் வச்சிருந்ததும்மா. எங்க மாமனார். நேத்துத்தான் காரியம் முடிஞ்சது."

"பரவால்லக்கா. எங்க அத்தாவுக்குக் கேக்குறேன். இதுக்குப் பயந்துக்கிட்டு அவரு தண்ணியே குடிக்க மாட்டேங்குறாரு."

உள்ளே போய், கழற்றிய மெத்தையையும் திரையையும் எடுத்துவந்து கொடுத்தேன்.

மாதங்கள் கழித்து ஓர் ஆட்டோவில் நாற்காலி திரும்பி வந்தது. வெளிர்நீல பெயின்ட், பூப்போட்ட புதுத் துணி. அவருடைய தகப்பனாரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "வேற யாருக்காச்சும் ஆகும்க்கா" என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது. உள்ளே அழைத்து உட்காரவைத்தேன்.

அதற்குப் பிறகு அந்த நாற்காலி பல வீடுகளுக்குப் போய் வந்துவிட்டது. சில வீடுகளில் நோயாளி எழுந்து நடந்தார், சில வீடுகளில் இல்லை. இப்போதும் அது எங்கள் முற்றத்தில்தான் இருக்கிறது, நேற்று அடித்த பூச்சு இன்னும் காயவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய துணியைப் பிரித்துப் புதியதைத் தைக்கும்போது, அடுத்து இதில் உட்காரப் போகிறவர் யாரென்று எனக்குத் தெரிவதில்லை. அவர் கூச்சமில்லாமல் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் போதும் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.